உருண்டைக் கல்லெல்லாம் டைனோசர் முட்டையா?

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண்ணைத் தோண்டியபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. "டைனோசர் முட்டை!" என்று வாட்ஸ்அப்பில் செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. நிலவியலாளர்கள் மறுத்தார்கள். அம்மோனைட் போன்ற கடல் உயிரிகள் வாழ்ந்த காலத்துச் சேறும் தாதுக்களும் இறுகி உருண்ட கல் திரள்கள் அவை. ஒருகாலத்தில் அந்த மண் கடலடியில் கிடந்தது.

மக்கள் நம்பியதில் வியப்பில்லை. பக்கத்து அரியலூரில் உண்மையான முட்டையே கிடைத்திருக்கிறது. அதன் ஓட்டமைப்பை விவரித்த ஆய்வு 1996-இல் வெளிவந்தது.

உருண்டை வடிவம் சாட்சியாகாது என்பது மலேசியாவின் பினாங்கில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்கும். பத்து ஃபெரிங்கி கரையில் கிடக்கும் பாறைகளைப் பாருங்கள். கிரானைட்டின் வெடிப்புகளில் நீர் இறங்கும்போது மூலைகள்தான் முதலில் சிதையும். நாளடைவில் கல் உருண்டையாகிவிடும். அங்குள்ள கொடிமலையும் கிரானைட்தான். பூமிக்கடியில் பாறைக்குழம்பு ஆறி இறுகிய கல்லில் முட்டை இருக்க வழியே இல்லை. அதற்காக மலேசியாவில் டைனோசரே வாழவில்லை என்று எண்ண வேண்டாம். பகாங்கில் கிடைத்த டைனோசர் பல்லைப் பற்றி மலாயா பல்கலைக்கழகம் 2014-இல் அறிவித்தது. ஆனால் அது கிடைத்தது படிவுப் பாறையில்.

அப்படியானால் எதுதான் சாட்சி? ஓடு. சில்லு ஒன்றை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைப்பார்கள். கால்சைட் படிகங்கள் அடியிலிருந்து மேல்நோக்கி விசிறிபோல் விரிந்திருக்கும். இடையிடையே கரு மூச்சுவிட உதவிய நுண்துளைகள் தெரியும். இந்தப் படிக அமைப்பு, துளைகளின் போக்கு, ஓட்டின் தடிமன், மேற்பரப்பின் புடைப்புகள், முட்டையின் வடிவம் ஆகியவற்றை வைத்தே வகை பிரிக்கிறார்கள். குன்னத்துக் கற்களில் இந்த ஓடு இல்லை.

"முட்டை கிடைத்தால் இட்ட விலங்கும் தெரிந்துவிடும்" என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. முட்டைகளுக்குத் தனிக் குடும்பம், தனிப் பேரினம், தனிச் சிற்றினம் உண்டு. மெகலூலிதஸ் என்பது முட்டையின் பெயரே தவிர, விலங்கின் பெயர் அன்று. பிரித்து வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1923-இல் மங்கோலியாவில் கிடைத்த முட்டைகளைப் புரோட்டோசெரட்டாப்ஸ் என்ற டைனோசர் இட்டவை என்றே கருதினார்கள். அந்த முட்டைக் கூடு ஒன்றின்மேல் கிடந்த எலும்புக்கூட்டுக்கு 1924-இல் 'முட்டைத் திருடன்' என்று பொருள்படும் ஓவிராப்டர் என்ற பெயரைச் சூட்டினார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து, அதே வகை முட்டைக்குள் ஓவிராப்டர் குடும்பத்துக் கரு கிடைத்தது. திருடன் என்று பழி சுமந்தது, அவ்வகை முட்டைகளை இட்ட குடும்பத்தைச் சேர்ந்ததுதான்! கரு உள்ளே இருந்தால் ஒழிய, இட்டது எது என்று உறுதியாகச் சொல்வது கடினம்.

அளவைப் பற்றிய கற்பனையும் மிகை. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கிடைத்ததாக 2023-இல் ஆய்வு வெளியானது. பிரம்மாண்டமான டைட்டனோசர்கள் இட்ட அந்த முட்டைகளின் விட்டம் 15 முதல் 17 சென்டிமீட்டர்தான். ஓட்டை வைத்து அவற்றை ஆறு சிற்றினங்களாகப் பிரித்திருக்கிறார்கள்.

சந்தேகத்துக்குரிய கல் எங்காவது கண்ணில் பட்டால் பெயர்த்தெடுக்காதீர்கள், உடைக்காதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, மலேசியாவில் கனிம, புவி அறிவியல் துறைக்கும், இந்தியாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் தெரிவியுங்கள்.