பம்பர் மட்டும் ஏன் வேற கலர்?

போன தை மாசம் எங்க வீட்டுக்கு முதல் கார் வந்தது. சில்வர் கலர். அப்பா தாராபுரம் பக்கத்துல மளிகைக் கடை வெச்சிருக்கார். பதினெட்டு வருஷமா அவருக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்தான் எல்லாமே. அதனால அந்தக் கார் எங்க வீட்டுல என்னன்னு நான் விளக்க வேண்டியதில்லை. ஷோரூம்ல சாயங்காலம் டெலிவரி. கேக், அட்டையில செஞ்ச பெரிய சாவி, ஃபோட்டோ எல்லாம் முடிஞ்சு, கோயில்ல பூஜை போட்டு, நாலு டயர்லயும் எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் காலையில ஏழு மணிக்கு அப்பா துணியோட வாசல்ல நின்னு என்னைக் கூப்பிட்டார். "இங்க வாடா. இந்த பம்பரும் பாடியும் ஒரே கலராவா இருக்கு?"

இல்லை. முன் பம்பர் லேசா மங்கல். பின் பம்பர் நல்லாவே இருட்டு.

"நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? ஏன் இப்படி இருக்கு, சொல்லு."

நாலு வருஷம் படிச்சு, மேனுஃபாக்சரிங் பேப்பர்ல நல்ல மார்க்கும் எடுத்த எனக்கு பதில் தெரியல. "வெளிச்சம்ப்பா, அப்படித்தான் தெரியும்"னு சமாளிச்சேன். அது பாதி உண்மைங்கிறது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை. உங்க வீட்டுல யாராவது புது வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க.

பொருளே வேற, அடுப்பும் வேற

காரோட பாடி இரும்புத் தகடு. பம்பர் பிளாஸ்டிக். பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன்ல ரப்பர் மாதிரியான பொருள் கலந்து செஞ்சது, இடிச்சா வளையணும்ல. இந்த ஒரு வித்தியாசத்துல இருந்துதான் எல்லாம் ஆரம்பிக்குது.

பாடியை முதல்ல கழுவி, பாஸ்பேட் பூச்சு கொடுத்து, பெரிய தொட்டியில முக்கி, மின்சாரம் செலுத்தி துருப்பிடிக்காத கோட் ஏத்துவாங்க. அதுதான் ஈடி கோட். அப்புறம் ஏறக்குறைய 160 முதல் 180 டிகிரி சூட்டுல வேக வைப்பாங்க. அதுக்கு மேல பிரைமர், கலர் தர்ற பேஸ் கோட், கடைசியா பளபளப்பு தர்ற கிளியர் கோட். இதுவும் 140 டிகிரி பக்கத்துல வேகணும்.

இந்தச் சூட்டுல பம்பரை வெச்சா வடிவமே போயிடும். அதனால பம்பருக்குத் தனி லைன், பல நேரம் வேற கம்பெனியோட பிளான்ட்டே. அங்க சூடு 80, 90 டிகிரிதான். அந்தச் சூட்டுல காயுற மாதிரி வேற வகை கிளியர் கோட் வேணும். பாலிபுரோப்பிலீன்ல பெயிண்ட் சுலபமா ஒட்டாது. அதனால தீச்சுவாலையைக் காட்டியோ, ஒட்ட வைக்கிற தனி பிரைமர் அடிச்சோதான் மேல போக முடியும். பாடிக்கு மின்னேற்றம் கொடுத்து ஸ்பிரே பண்ணலாம், இரும்பு தானா இழுத்துக்கும். பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தாது, அதுக்கும் தனி ஏற்பாடு வேணும்.

ஆக, வேற இடம், வேற அடுப்பு, வேற பிரைமர், வேற நாள்ல கலக்கின பெயிண்ட். இத்தனையும் வேறயா இருந்தும் கடைசியில ரெண்டும் ஒட்டி நிற்கும்போது ஒரே கலரா தெரியணும். கலர் கோடு ஒண்ணுதான். ஆனா ஒரே மாவுல ரெண்டு அடுப்புல சுட்ட தோசை மாதிரிதான் கதை.

சில்வர் ஏன் மோசம்?

பிளெயின் வெள்ளை, பிளெயின் சிவப்புல வித்தியாசம் இருந்தாலும் அவ்ளோ உறுத்தாது. சில்வர், கிரே மாதிரி மெட்டாலிக் கலர்லதான் பிரச்சினை பெருசாகுது. காரணம், அந்த பெயிண்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அலுமினியச் செதில்கள் இருக்கு. ஒவ்வொண்ணும் குட்டிக் கண்ணாடி. எல்லாச் செதிலும் படுத்த மாதிரி ஒழுங்கா இருந்தா, நேரா பார்க்கும்போது பளிச்சுன்னு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். தாறுமாறா நின்னா வெளிச்சம் சிதறும், அதே இடம் இருட்டா தெரியும்.

செதில் எப்படிப் படுக்கும்ங்கிறதை கலர் ஃபார்முலா மட்டும் முடிவு பண்றதில்லை. கன்ல காத்து பிரஷர், தின்னர் எவ்வளவு, கோட் ஈரமா விழுந்ததா உலர்ந்து விழுந்ததா, எவ்வளவு தூரத்துல இருந்து அடிச்சாங்க, எல்லாம் சேர்ந்துதான். பொதுவா ஈரமா அடிச்சா கலர் இருட்டும், உலர்வா அடிச்சா வெளுக்கும். இதை எனக்குச் சொன்னது எந்த டெக்ஸ்ட்புக்கும் இல்லை. எங்க ஊர் டிங்கரிங் பட்டறை பெயிண்டர் அண்ணன். ஒரே டப்பா பெயிண்டை ரெண்டு தகட்டுல அடிச்சுக் காட்டினார். ஒண்ணு கன்னை மெதுவா நகர்த்தி, ஒண்ணு வேகமா நகர்த்தி. காஞ்சதும் ரெண்டும் ரெண்டு கலர். "டப்பா ஒண்ணுதான் தம்பி, கைதான் கலரு"ன்னார்.

முதல்ல உங்க கண்ணைச் சந்தேகப்படுங்க

பம்பர் வேற கலரா தெரிஞ்ச உடனே சண்டைக்குப் போகாதீங்க. நிஜமாவே கலர் வேறயா, இல்ல அப்படித் தெரியுதான்னு பார்க்கணும்.

பம்பர் வளைஞ்சு வளைஞ்சு போகும். அதோட கீழ்ப்பகுதி தரையைப் பார்த்து இருக்கு, தார் ரோட்டோட இருட்டு அதுல தெரியும். பக்கத்துல இருக்கிற ஃபெண்டர் வானத்தைப் பார்க்குது. அதனால பம்பர் நடுவையும் கதவு நடுவையும் ஒப்பிடாதீங்க. பம்பரும் ஃபெண்டரும் சேர்ற இடுக்குகிட்ட, ரெண்டும் ஒரே சாய்வுல இருக்கிற இடத்தை மட்டும் பாருங்க. அங்க வித்தியாசம் இருந்தாதான் அது நிஜ வித்தியாசம்.

அடுத்தது வெளிச்சம். ரெண்டு பெயிண்ட் ஒரு விளக்குல ஒண்ணா தெரிஞ்சு, இன்னொரு விளக்குல வேறயா தெரியலாம். இதுக்கு மெட்டாமெரிசம்னு பேர். அம்மா ஜவுளிக்கடையில பிளவுஸ் துணியை எடுத்துட்டு வாசலுக்கு வந்து பார்ப்பாங்கல்ல, அதே விஷயம். ஷோரூம் விளக்கு வெளிச்சத்துல எங்க கார் குறையே இல்லாமதான் இருந்தது. உச்சி வெயிலும் வேண்டாம், கண்ணு கூசும். காலை வெளிச்சமோ, மேகமூட்டமோ, திறந்த வெளி நிழலோ சரியா இருக்கும். வண்டியைக் கழுவித் துடைச்சிட்டு, ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு, நேரா ஒரு தடவை, ரெண்டு பக்கமும் சாய்வா ஒரு தடவை பாருங்க. மெட்டாலிக்ல நேரா பார்த்தா ஒத்துப்போயி, சாய்வா பார்த்தா பிரியறதும் உண்டு.

ஃபோட்டோ எடுக்கும்போது பம்பரும் ஃபெண்டரும் ஒரே ஃபிரேம்ல இருக்கணும். தனித்தனியா எடுத்தா ஃபோன் ஒவ்வொண்ணுக்கும் வெளிச்சத்தைத் தன் இஷ்டத்துக்கு மாத்திடும்.

கலருக்கும் ஸ்கேல் இருக்கு

"கொஞ்சம் டார்க்"னு சொன்னா யாரும் மதிக்க மாட்டாங்க. ஃபேக்டரியில இதை எண்ணா மாத்துறாங்க. 1976ல வந்த முறைப்படி எந்தக் கலரையும் மூணு எண்ணால சொல்லலாம். எல் என்பது வெளுப்பு-இருட்டு, ஏ என்பது சிவப்பு-பச்சை, பி என்பது மஞ்சள்-நீலம். ரெண்டு பேனலுக்கும் இந்த மூணையும் அளந்து, ஒவ்வொரு வித்தியாசத்தையும் வர்க்கம் பண்ணி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தா வர்றதுதான் டெல்டா ஈ. முப்பரிமாணத்துல ரெண்டு புள்ளிக்கு இடையில தூரம் கண்டுபிடிப்போமே, அதேதான்.

உதாரணத்துக்கு வித்தியாசங்கள் 1.2, 0.3, 0.8னு வெச்சுக்குவோம். வர்க்கங்கள் 1.44, 0.09, 0.64. கூட்டினா 2.17. வர்க்கமூலம் 1.47. பேனல்களை ஒட்டி வெச்சுப் பார்த்தா 1 அளவு வித்தியாசமே பழகின கண்ணுக்குத் தெரிஞ்சிடும். மெட்டாலிக்குக்கு ஒரே கோணத்துல அளந்தா போதாது. 15, 45, 110 டிகிரின்னு பல கோணத்துல அளக்கிற கருவி இருக்கு.

நான் கோட்டிங் தடிமன் அளக்கிற மீட்டர் ஒண்ணைக் கடன் வாங்கிட்டுப் போய் அப்பா முன்னாடி கெத்தா பம்பர்ல வெச்சேன். ரீடிங்கே வரல. அந்த வகை மீட்டர் உலோகத்து மேல இருக்கிற பூச்சைத்தான் அளக்கும், பிளாஸ்டிக்ல வேலை செய்யாது. அசிங்கமா போச்சு. ஆனா பக்கத்து ஃபெண்டர்ல வெச்சுப் பார்க்கலாம். ஃபேக்டரி பெயிண்ட் பெரும்பாலும் 100ல இருந்து 150 மைக்ரான் பக்கம் இருக்கும். ஒரு பேனல் மட்டும் 200ஐத் தாண்டி நின்னா, அங்க யாரோ கை வெச்சிருக்காங்கன்னு சந்தேகப்படலாம்.

எங்க வண்டியில நடந்தது

ஷோரூம்ல போய்க் கேட்டோம். "எல்லா வண்டியும் இப்படித்தான் சார் வரும்"னாங்க. பெயிண்டர் அண்ணன் சொல்லி அனுப்பினது ஒரே ஒரு வேலை: "அதே கலர்ல இன்னும் ரெண்டு வண்டியைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

யார்டுல ரெண்டு சில்வர் வண்டி நின்னுது. முன் பம்பர் மூணுலயும் ஒரே மாதிரி லேசா மங்கல்தான். அந்த விஷயத்துல அவங்க சொன்னது உண்மை, தயாரிப்பு முறையிலயே வர்ற வித்தியாசம் அது. ஆனா பின் பம்பர் அந்த ரெண்டுலயும் சரியா இருந்தது, எங்களோடதுல மட்டும் இருட்டு.

குனிஞ்சு பார்த்தேன். கீழ இருக்கிற பெயிண்ட் அடிக்காத கருப்பு பிளாஸ்டிக் ஓரத்துல சில்வர் தூசி படிஞ்சிருந்தது. ரிஃப்ளெக்டர் பக்கத்துல டேப் ஒட்டி அடிச்ச கோடு. மேல்பரப்புல ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு, மத்த வண்டிகள்ல அவ்வளவு இல்லை. மூணும் சேர்ந்தா ஒரே அர்த்தம்தான்: ஃபேக்டரியை விட்டு வந்த பிறகு யாரோ பெயிண்ட் அடிச்சிருக்காங்க. அந்த மூணையும் ஃபோட்டோ எடுத்து மெயில் அனுப்பினோம். அதுக்கப்புறம்தான், நிறுத்தி வெச்சிருந்த இடத்துல லேசா உரசிடுச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க.

அப்பா கத்தல. "முன்னாடியே சொல்லியிருந்தா கூட நான் எடுத்திருப்பேன் தம்பி. சொல்லாம விட்டீங்க பாருங்க"ன்னு மட்டும் சொன்னார். அந்த மேனேஜர் தலையைக் குனிஞ்சதை நான் பார்த்தேன்.

திரும்ப அடிக்கலாமா?

"ஃப்ரீயா அடிச்சுத் தர்றோம்"னா உடனே தலையாட்டாதீங்க. ஸ்பேர் பம்பர் பெரும்பாலும் பெயிண்ட் இல்லாமத்தான் வரும், அதனால புது பம்பர் மாத்தினாலும் கலர் அடிக்கிறது ஒர்க்‌ஷாப்லதான். முன் பம்பர் மாதிரி லேசான, எல்லா வண்டியிலயும் இருக்கிற வித்தியாசம்னா விட்டுடறது நல்லது. அடிக்கப் போனா இன்னும் மோசமாகலாம்.

அடிச்சே ஆகணும்னா மூணு விஷயம் கேளுங்க. ஒண்ணு, முதல்ல டெஸ்ட் தகடு. அதே பெயிண்ட், அதே கன், அதே எண்ணிக்கை கோட், கிளியரும் சேர்த்து அடிச்சு, வெளியில ஃபெண்டர் மேல வெச்சுப் பார்த்து நீங்க ஓகே சொன்ன பிறகுதான் பம்பர்ல கை வைக்கணும். ஒரே கலர் கோடுக்கே சின்னச் சின்ன மாற்றத்தோட பல ஃபார்முலா இருக்கும், அதுல பொருந்துறதைத் தேடச் சொல்லுங்க. ரெண்டு, பிளாஸ்டிக்குக்கான பிரைமர். அது இல்லாட்டி கொஞ்ச நாள்ல உரிஞ்சு வரும். மூணு, பக்கத்து பேனலுக்கும் கலரைப் பரவவிட்டு பிளெண்ட் பண்றோம்னு சொன்னா யோசிங்க. கண்ணுக்கு வித்தியாசம் மறையும், ஆனா நல்லா இருக்கிற ஃபேக்டரி பெயிண்டையும் தேய்க்கணும். நாங்க பம்பரோட நிறுத்திக்கிட்டோம். எல்லாத்தையும் எழுத்துல வாங்கினோம்.

பேச்சுவார்த்தையே நடக்கலன்னா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகணும்னா பிரச்சினை எழுந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போகணும். எந்த இடத்துலயும் உங்களைக் காப்பாத்தப் போறது தேதியோட இருக்கிற ஃபோட்டோவும் மெயிலும்தான்.

இதுல எங்களோட பெரிய தப்பு எது தெரியுமா? வண்டியை முதல் தடவை ஒழுங்கா பார்த்தது ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்ச பிறகு. நம்பர் விழுந்துட்டா "வேற வண்டி கொடுங்க"ன்னு கேட்கிற பலம் குறைஞ்சிடுது. அதனால முழுப் பணம் கட்டுறதுக்கும், ரிஜிஸ்டர் பண்றதுக்கும் முன்னாடி, பகல்ல, யார்டுக்கே போய், உங்க சேஸிஸ் நம்பர் வண்டியைப் பாருங்க. கேக்கும் சாவியும் அப்புறம் வெட்டிக்கலாம், வாங்கிக்கலாம்.

இப்ப உங்களுக்கு ஒரு ஹோம் ஒர்க். நாளைக்குக் காலையில ஃபர்ஸ்ட் ஹவர் முன்னாடி நம்ம காலேஜ் ஸ்டாஃப் பார்க்கிங்ல பத்து நிமிஷம் சுத்துங்க. சில்வர், கிரே வண்டிகள்ல பம்பர் இடுக்கை மட்டும் பாருங்க. எது ஃபேக்டரி வித்தியாசம், எது பட்டறை வேலைன்னு ஊகிச்சுப் பாருங்க. ஹெச்ஓடி வண்டியைப் பத்தி என்ன கண்டுபிடிச்சாலும் வெளிய சொல்லாதீங்க.

பின் பம்பர் இப்ப முக்கால்வாசி ஒத்துப்போகுது. அப்பா இன்னும் தினமும் காலையில அதைத் துடைக்கிறார். போன வாரம் கடைக்கு வந்த ஒருத்தர்கிட்ட, "பிளாஸ்டிக்குக்குத் தனி அடுப்புங்க, அதான் கலர் லேசா மாறுது. என் பையன் சொன்னான்"னு விளக்கிட்டு இருந்தார். நான் சர்க்கரை மூட்டைக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டு இருந்தேன்.