டாப்ஸோன் மருந்தும் பாரம்பரிய அடையாளமும்

மும்பை மாதுங்காவில், வீடற்ற தொழுநோயாளருக்கென 1890ஆம் ஆண்டில் ஓர் இல்லம் நிறுவப்பட்டது. அதுவே பிற்காலத்தில் வடாலாவின் ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனையாக வளர்ந்தது. அண்மையிலுள்ள தாராவியில் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். 1976இல் தொடங்கப்பெற்ற பம்பாய் தொழுநோய்த் திட்டத்தின் ஊழியர்கள் அங்கும் பணியாற்றினர். இத்தகைய பகுதிகளில் தொண்டாற்றுவோர் டாப்ஸோன் மருந்தின் இயல்பை நன்கு அறிந்திருத்தல் அவசியமாகும்.

தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையில் டாப்ஸோனும் ஒன்று. பெரும்பாலோருக்கு இதனால் தீங்கு நேர்வதில்லை. எனினும் மிகச் சிலருக்கு, மருந்துண்ணத் தொடங்கிய நான்கு முதல் ஆறு வாரங்களில், காய்ச்சல், தோற்கொப்புளிப்பு, நெறிக்கட்டு, மஞ்சட்காமாலை ஆகியவை தோன்றும். தோல் உரிதலும் உண்டு. 1949ஆம் ஆண்டிலேயே நைஜீரியாவில் இந்நிலை விவரிக்கப்பட்டது. இதற்கு ஆளானோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் உயிரிழப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

ஒரே மருந்து ஒருவருக்கு நன்மையும் மற்றொருவருக்குத் தீமையும் விளைவிப்பது ஏன்? உடலின் பலவகை உயிரணுக்கள் தம்முள் இருப்பவற்றின் துணுக்குகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. இரத்தத்திலுள்ள காவல் அணுக்கள் அவற்றைச் சோதித்து, அயற்பொருள் எனத் தோன்றினால் தாக்குகின்றன. ஏந்திக் காட்டும் புரதங்களின் வகையைத் தாய் தந்தையரிடமிருந்து வரும் மரபணுக்கள் நிர்ணயிக்கின்றன. எச்.எல்.ஏ.-பி 13:01 என்னும் வகையுடையோருக்கே டாப்ஸோன் ஒவ்வாமை மிகுதியாக ஏற்படுகிறது என்று 2013இல் சீன விஞ்ஞானிகள் கண்டனர். ஐரோப்பியரிடம் பெரும்பாலும் காணப்படாத இவ்வகை, இந்தியாவில் சமூகத்திற்கேற்ப நூற்றுக்கு 1 முதல் 12 பேர் வரை காணப்படுவதாக அவர்கள் குறிப்பிட்டனர்.

பின்னர் சீனாவில் 1,512 நோயாளரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. இவ்வடையாளம் பெற்றிருந்த 261 பேருக்கு டாப்ஸோன் தவிர்க்கப்பட்டது. ஏனைய 1,251 பேர் அதனை உண்டனர். பழைய அனுபவத்தின்படி சுமார் 13 பேருக்கு ஒவ்வாமை நேர்ந்திருக்க வேண்டும்; ஒருவருக்கும் நேரவில்லை என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அடையாளம் உடையோர் அனைவரும் துன்புறுவர் என்று கொள்ளலாகாது, பெரும்பாலோர் துன்புறுவதில்லை.

இச்சோதனை எல்லா இடங்களிலும் கிடைப்பதன்று. ஆகவே கள ஊழியரின் விழிப்பே முதற் காவலாகும். முதல் இரண்டு மாதங்களில் நோயாளரைக் காணும்போதெல்லாம் காய்ச்சல், அரிப்பு, கண் மஞ்சளித்தல் உண்டா என வினவுதல் வேண்டும். உண்டெனில் மருந்தை நிறுத்தி, அன்றே மருத்துவரிடம் அனுப்புக. குளோபாசிமின் மருந்தால் தோல் கறுப்பது வேறு. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. அச்சத்தால் சிகிச்சையைக் கைவிடுவோருக்கு ஊனம் நேரலாம் என்பதை ஆசிரியர்கள் மாணவர் வாயிலாக இல்லங்களுக்கு உணர்த்தலாம்.

ஒருமுறை ஒவ்வாமை கண்டவருக்கு டாப்ஸோன் மீண்டும் தரப்படலாகாது. மாற்று மருந்தை மருத்துவர் வகுப்பார். தாராவியிலிருந்து திருநெல்வேலிக்குத் திரும்பும் நோயாளரை அங்குள்ள ஊழியர் முன்பின் அறியார். ஆதலால் இச்செய்தியைச் சிகிச்சை அட்டையில் தெளிவாக எழுதி, நோயாளருக்கும் வாய்மொழியாகச் சொல்லி அனுப்புதல் கடமையாகும்.