புள்ளி எந்த அடுக்கில் இருக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

விழித்திரைப் பிரிவில் சேர்ந்திருக்கிறாய், சந்தோஷம். முதுமையில் வரும் மாக்குலா சிதைவு பற்றி இப்போதே உன்னிடம் சொல்லிவிட நினைக்கிறேன். வயதானவரின் விழித்திரையில் மஞ்சள் புள்ளிகளைக் கண்டதும் 'ட்ரூசன்' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடாதே. அந்தப் புள்ளி எந்த அடுக்கில் இருக்கிறது, அதற்குக் கீழே கோராய்டு எனும் இரத்தநாள அடுக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு எழுது.

வழக்கமான ட்ரூசன் நிறமி எபிதீலியத்துக்கும் ப்ரூக் சவ்வுக்கும் நடுவே சேரும் கொழுப்பும் புரதமும். 63 மைக்ரானுக்குக் குறைவான புள்ளிகள் மட்டும் இருந்தால் அது வயதின் இயல்பு. 125 மைக்ரானைத் தாண்டினால் இடைநிலை நோய்.

இன்னொரு வகைப் படிவு எபிதீலியத்துக்கு மேலேயே சேர்கிறது. பிரெஞ்சு மருத்துவர்கள் 1990-ல் இதை 'போலி ட்ரூசன்' என்றார்கள். நீல வெளிச்சத்தில்தான் அவர்களுக்கு அது எடுப்பாகத் தெரிந்தது. படிவு எபிதீலியத்துக்கு மேல்புறம் இருக்கிறது என்பது 2010-ல் ஸ்பெய்டு, கர்சியோ குழுவினரின் ஆய்வுகளில் தெளிவானது. வண்ணப் படத்தில் இது எளிதில் தப்பிவிடும். அகச்சிவப்புப் படத்தையும் ஓசிடி என்ற குறுக்குவெட்டு ஸ்கேனையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் சிக்கும். மாக்குலாவின் மேல்பகுதியில் முதலில் தேடு. அங்கேதான் கோல் செல்கள் அடர்த்தி.

கோல் செல்கள் இருட்டுக்கானவை அல்லவா? அதனால்தான் இந்தப் படிவு உள்ளவர்கள் உன் அறையில் 6/6 வரிசையைத் தடங்கலில்லாமல் படித்துவிட்டு, வீட்டில் விளக்கணைந்ததும் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறார்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கண் பழக அவர்களுக்கு வெகுநேரம் ஆகிறது. தாமாகச் சொல்ல மாட்டார்கள். வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். நீதான் கேட்க வேண்டும்: "அம்மா, ராத்திரி எழுந்தா நடக்கச் சிரமமா இருக்கா?" அட்டையைப் படித்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அந்தப் பதிலையும் எழுது. என் கணக்கில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு.

இனி கோராய்டு. விழித்திரையின் வெளி அடுக்குகளுக்குச் சோறு போடுவது அதுதான். போலி ட்ரூசன் உள்ள கண்களில் அது பெரும்பாலும் மெலிந்திருக்கும். ஆனால் ஓசிடி காட்டும் ஒரே எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாதே. ஆரோக்கியமான கண்ணில் நடுமையத்தின் அடியில் சுமார் 250 முதல் 300 மைக்ரான் என்பார்கள். வயது ஏறினால் குறையும், கிட்டப்பார்வை கூடினால் இன்னும் குறையும், காலைக்கும் மாலைக்கும்கூட மாறும். கருவி தானாக வரைந்த கோடு கோராய்டின் அடி எல்லையில்தான் விழுந்திருக்கிறதா என்று உன் கண்ணால் சரிபார்.

தடித்த கோராய்டு வேறு கதை. வெளி அடுக்கில் புடைத்த நாளங்கள், அவற்றின் மேலே நசுங்கிய நுண்நாளங்கள், ஆங்காங்கே ஒழுங்கற்ற ஓரத்தோடு சில படிவுகள் — இப்படிக் கண்டால் பாலிபாய்டல் நோயை நினை. ஆசியர்களிடம் அது அதிகம். ஐசிஜி ஆஞ்சியோகிராம் எடுக்கத் தயங்காதே. விழித்திரைக்கு அடியில் நீர் இருந்தால் கண்ணுக்குள் போடும் ஊசிக்கு எழுதுமுன் ஸ்டீராய்டு பற்றிக் கேள், அதனாலும் நீர் தேங்கலாம்: மூட்டுவலி மாத்திரை, இன்ஹேலர், தோல் களிம்பு எல்லாவற்றையும்.

நோயாளியிடம் உண்மையைச் சொல். 2001-ல் வந்த ஏரெட்ஸ் ஆய்வின்படி, இடைநிலை நோயாளிகள் முற்றிய கட்டத்துக்குப் போகும் வாய்ப்பை வைட்டமின், துத்தநாக மாத்திரைகள் ஐந்தாண்டில் ஏறக்குறைய 25 சதவீதம் குறைத்தன. புள்ளிகளை அவை கரைப்பதில்லை. ஆரம்ப நிலையில் இருப்பவரை அவற்றுக்குக் காசு செலவழிக்க வைக்காதே. புகைப்பவருக்கு பீட்டா கரோட்டின் உள்ள மாத்திரை கூடாது, நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இருக்கிறது. பீடியையும் சிகரெட்டையும் விடச் சொல்வதே முதல் மருந்து. ஆம்ஸ்லர் கட்ட அட்டையைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கப் பழக்கு. கோடு வளைந்து தெரிந்தால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் உடனே வரச் சொல். துணைக்கு வந்த மகளிடமும் அதையே சொல்லி அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்