ஒரு பெயர், நான்கு நிலம்: புதுச்சேரியை வரைபடத்தில் கற்பித்தல்

எட்டாம் வகுப்பு வரைபடத் தேர்வில் 'புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைக் குறிக்க' என்று ஒரு வினா கேட்டிருந்தேன். எல்லோரும் கடலூருக்கு வடக்கே ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் கேரளக் கடற்கரை, ஆந்திரம் உட்பட நான்கு இடங்களில் புள்ளி வைத்திருந்தாள். அவசரத்தில் பாதி மதிப்பெண் போட்டுவிட்டேன். மறுநாள் தாளோடு வந்து, "சார், அப்போ மாஹே எந்த மாநிலம்?" என்று கேட்டாள். அவள் விடையே முழுமையானது. மதிப்பெண்ணைத் திருத்தினேன், பாடம் நடத்தும் முறையையும் மாற்றினேன்.

குழப்பம் எங்கே?

நகரம், மாவட்டம், யூனியன் பிரதேசம் ஆகிய மூன்றுக்கும் 'புதுச்சேரி' என்பதே பெயர். எதைச் சொல்கிறோம் என்று தெளிவுபடுத்தாவிட்டால் மாணவர்கள் நகரத்தை மட்டுமே நினைப்பார்கள்.

நான்கு பகுதிகள்

1. புதுச்சேரி: வங்கக் கடற்கரையில் உள்ளது. இதுவும் ஒரே நிலப்பரப்பல்ல. இடையிடையே தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரும்.
2. காரைக்கால்: நாகப்பட்டினத்துக்கு வடக்கே உள்ளது.
3. மாஹே: அரபிக்கடலோரம், கேரளத்தின் கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களுக்கு இடையே உள்ளது. பரப்பு 9 சதுர கி.மீ. மட்டுமே. மொழி மலையாளம்.
4. ஏனாம்: ஆந்திரத்தில் காக்கிநாடாவுக்கு அருகே, கோதாவரியின் கிளையாற்றங்கரையில் உள்ளது. மொழி தெலுங்கு.

ஏன் இப்படி?

நான்கும் பிரெஞ்சுக்காரர்களின் வணிகத் தளங்கள். சுற்றியிருந்த நிலம் ஆங்கிலேயரிடம் இருந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவுற்றது. 1963இல் நான்கும் சேர்ந்து யூனியன் பிரதேசம் ஆயின. ஐந்தாவது பிரெஞ்சுப் பகுதியான சந்தன்நகர் 1949 வாக்கெடுப்பிலேயே இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, பின்னர் மேற்கு வங்கத்தோடு இணைந்தது.

செயல்பாடு

வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பகுதி கொடுங்கள். சட்டமன்றம் புதுச்சேரி நகரில் இருக்கிறது. மாஹேவுக்கும் ஏனாமுக்கும் தலா ஓர் உறுப்பினர் உண்டு. அவரவர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குச் சாலை வழியாக வர எந்தெந்த மாநிலங்களைக் கடக்க வேண்டும் என்று வரைபடத்தில் கோடு வரையச் சொல்லுங்கள். தன் பிரதேசத்தின் தலைநகருக்குப் போக வேறு மாநிலத்தைக் கடக்க வேண்டிய நிலையை அந்தக் கோடே காட்டிவிடும்.

மதிப்பீடு

'புதுச்சேரிக்கு அரபிக்கடல் கரை உண்டு.' இது சரியா, தவறா? நகரம் என்றால் தவறு. யூனியன் பிரதேசம் என்றால் சரி. "எந்தப் புதுச்சேரி, சார்?" என்று மாணவர் திருப்பிக் கேட்டால், பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.