வமிசாவளி என்றொரு சொல்

2022 செப்டம்பரில், நம் சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாங்குளத்தில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியலினச் சிறுவர்களைக் கடைக்காரர் திருப்பியனுப்பினார். ஊர்க் கட்டுப்பாடாம்! இது இனப்பாகுபாடு ஆகுமா?

இனப்பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை ஐ.நா. சபை 1965-இல் நிறைவேற்றியது. இந்தியா 1968-இல் ஏற்றது. ஏற்ற நாடுகள் அறிக்கை அனுப்ப வேண்டும்; ஜெனீவாவில் 18 நிபுணர் கொண்ட குழு அதைப் படித்துக் கேள்வி கேட்கும். எங்கள் வீட்டுப்பாட நோட்டைத் திருத்துவது போலத்தான். தண்டிக்க மட்டும் அதிகாரமில்லை.

இனம், நிறம் ஆகியவற்றோடு ‘வமிசாவளி’ என்ற சொல்லும் அதில் உண்டு. அதைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான்! ஆனால் சாதி வேறு, இனம் வேறு என்று 1996-இல் நம் அரசு வாதிட்டது. குழு ஒப்பவில்லை. 2001 டர்பன் மாநாட்டிலும் அரசு அதையே சொன்னது. வமிசாவளியில் சாதியும் அடங்கும் என்று 2002-இல் குழு எழுதியே வைத்துவிட்டது.

எங்களிடம் சட்டம் இருக்கிறதே என்பது அரசின் பதில். உண்மைதான். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியே, பாஞ்சாங்குளத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை விதித்தது. ஆனால் கைபேசியில் எடுத்த அந்தக் காட்சி வெளியே பரவாதிருந்தால், சிறுவர்களுக்காக அங்கே யார் கேட்டிருப்பார்கள்?