உச்சிக்குழி ஏன் திறந்திருக்கிறது?

கேள்வி: என் பேரனுக்கு மூன்று மாதம். உச்சந்தலையைத் தொட்டால் மெத்தென்று பள்ளமாக இருக்கிறது. சில நேரம் துடிப்பதும் தெரிகிறது. மூளையைக் காப்பதுதானே மண்டையோட்டின் வேலை? அது ஏன் இப்படித் திறந்திருக்கிறது? குளிப்பாட்ட வரும் பாட்டி வேறு, தலை உருண்டையாக வர வேண்டும் என்று அழுத்தி அழுத்தி விடுகிறார். பயமாக இருக்கிறது.
- வாசகி, மன்னார்குடி

பதில்: துடிப்பைக் கண்டு பயப்படாதீர்கள், அம்மா. அது இயல்பானதுதான். அந்த இடத்தில் எலும்பு இல்லையே தவிர, கெட்டியான சவ்வு மூடியிருக்கிறது. மெதுவாக எண்ணெய் தடவினாலோ தலைக்குக் குளிப்பாட்டினாலோ ஒன்றும் ஆகாது.

மூளையைக் காப்பது மண்டையோட்டின் வேலை என்பது சரி. ஆனால் பிறக்கும் குழந்தைக்கு அது முதலில் வழிவிட வேண்டும். தாயின் இடுப்பெலும்பு வளையத்துக்குள் புகுந்துதான் தலை வெளியே வர வேண்டும். மண்டை எலும்புகள் இன்னும் இணையாததால், ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறித் தலை ஒடுங்குகிறது. சுகப்பிரசவத்தில் பிறந்த பல குழந்தைகளுக்குத் தலை நீண்டிருப்பது இதனால்தான். சில நாட்களில் தானாகவே சரியாகிவிடும். யாரும் அழுத்தி உருட்ட வேண்டியதில்லை. பாட்டியிடம் அன்பாகவே, ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பிறகு மூளைக்கு இடம் வேண்டும். பிறக்கும்போது சுமார் 35 செ.மீ. இருக்கும் தலைச் சுற்றளவு, ஒரு வயதில் ஏறத்தாழ 46 செ.மீ. ஆகிவிடுகிறது. வாழ்நாளில் வேறெந்த ஆண்டிலும் தலை இவ்வளவு வளர்வதில்லை. பெட்டி முன்பே பூட்டிக்கொண்டால் இது நடக்குமா? பின்னந்தலைக் குழி இரண்டு மூன்று மாதங்களில் மூடிவிடும். உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் மூடும். இரண்டு வயதாகியும் மூடாவிட்டாலோ, சீக்கிரமே மூடித் தலை வளர்ச்சி குறைந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் தலைச் சுற்றளவை அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தக் குழி மருத்துவர்களாகிய எங்களுக்குப் பெரிய உதவி. தேவைப்பட்டால் இதன் வழியாகவே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து மூளையைப் பார்த்துவிடலாம். பெரியவர்களுக்கு எலும்பு தடுத்துவிடும். ஸ்கேன் இல்லாமலே வீட்டில் நீங்களும் கவனிக்கலாம். வயிற்றுப்போக்கின்போது குழி வழக்கத்தைவிட உள்வாங்கி, சிறுநீரும் குறைந்தால் உடலில் நீர் வற்றுகிறது என்று பொருள். தாய்ப்பாலை நிறுத்தாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். அழும்போது குழி சற்று மேலெழுவது சாதாரணம். அழாமல் அமைதியாக இருக்கும்போதும் அது புடைத்திருந்து, கூடவே காய்ச்சலோ வாந்தியோ மயக்கமோ இருந்தால், நள்ளிரவானாலும் விடியும்வரை காத்திருக்காமல் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.