நினைவூட்டல் யாருக்குப் போனது?

கேள்வி: போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறோம். ஏல பில், டேலி கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல் செய்த நகல் எல்லாம் ஆன்லைன் பேக்கப்பில் இருந்தன. எங்களிடம் கணக்கு எழுதிய தம்பிதான் அதைத் திறந்து கொடுத்தார். வருஷா வருஷம் முன்பணம் கட்டி வந்தோம். அவர் வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டார். இப்போது கடை கம்ப்யூட்டர் பழுதாகி, பழைய கணக்கை எடுக்கப் போனால் 'சந்தா முடிந்துவிட்டது' என்று வருகிறது. ஒரு நினைவூட்டல்கூட அனுப்பாமல் நிறுத்தியது நியாயமா?
– ஒரு வியாபாரி, போடிநாயக்கனூர்

பதில்: நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டுத்தான் உங்கள் கேள்வியை வெளியிடுகிறேன். நினைவூட்டல் அநேகமாக வந்திருக்கும். வந்தது உங்களுக்கு இல்லை, தம்பிக்கு. கணக்கு திறக்கும்போது யாருடைய மெயிலைக் கொடுத்தார்களோ, அவர்தான் அந்த நிறுவனத்துக்கு வாடிக்கையாளர். பணம் உங்கள் கடையிலிருந்து போனது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. திருப்பூரில் புது வேலையில் இருப்பவர், பழைய முதலாளியின் சந்தா பற்றி வந்த மெயிலைத் திறந்து பார்த்திருப்பாரா?

முதலில் அவருக்குப் போன் போடுங்கள். கோபத்தைக் காட்டாதீர்கள், இப்போதைக்குச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. அவர் உள்ளே நுழைந்து மெயில் முகவரியையும் செல் நம்பரையும் கடையின் பெயருக்கு மாற்றித் தந்தால் பாதி வேலை முடிந்தது. அவர் கிடைக்காவிட்டால், பழைய ரசீதுகளையும் பணம் போன பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் வைத்து நிறுவனத்துக்கு எழுதுங்கள். அதற்கு முன்னால் வேறு மெயிலில் புதிதாகக் கணக்குத் திறந்து பணம் கட்டிவிடாதீர்கள். புதுக் கணக்கு காலிப் பெட்டி. பழைய கோப்பு அதற்குள் வராது.

இதை நாளைக்குத் தள்ளாதீர்கள். சந்தா முடிந்தபின் கோப்புகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கூகுளில் இடத்தின் அளவைத் தாண்டி 2 ஆண்டு அப்படியே கிடந்தால்தான் அழிக்கும் பேச்சே வரும். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் அந்தக் கெடு 6 மாதம். இதைவிடக் குறைவாக வைத்திருப்பவர்களும் உண்டு.

உள்ளே போக முடிந்தால், மாதச் சந்தா இருக்கும் பட்சத்தில் ஒரே ஒரு மாதத்துக்குக் கட்டி, எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் இறக்குங்கள். மறுபடி ஒரு வருஷத்துக்குக் கட்டுவதா வேண்டாமா என்பதை அப்புறம் யோசிக்கலாம். ஜிஎஸ்டி சட்டம் கணக்குப் புத்தகங்களை, அந்த ஆண்டின் வருடாந்திரக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. ஆறு வருஷம் வைத்திருக்க வேண்டியதை, வருஷத்துக்கு ஒருமுறை காலாவதியாகும் ஓரிடத்தில் மட்டும் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆன்லைனில் ஒன்று இருக்கட்டும், பீரோவிலும் ஒன்று இருக்கட்டும்.

இனி, முன்பணம் கட்டும் முறை. வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மலிவு என்பது உண்மைதான். கூகுளில் 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய், வருஷத்துக்கு 1,300 ரூபாய் என்பது பழகிய விலை. இரண்டு மாதக் காசு மிச்சம். ஆனால் ஒரு வருஷத்துக்குள் ஆள் மாறும், போன் மாறும், கட்டினதே மறந்து போகும். அதனால் கடைக்காரர்களுக்கு நான் சொல்வது ஆட்டோபே. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் கட்டாயமானது. அதன்படி, தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால், யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று உங்கள் பேங்க் தகவல் அனுப்ப வேண்டும். அது தம்பியின் மெயிலுக்குப் போகாது. பேங்கில் பதிந்த உங்கள் நம்பருக்கு வரும். இதைவிட நம்பகமான நினைவூட்டல் கிடையாது. வேண்டாம் என்றால் அந்தத் தகவலைப் பார்த்ததும் நிறுத்தவும் முடியும்.

இதிலும் ஓட்டை உண்டு. கணக்கில் பணம் இல்லாவிட்டால் ஆட்டோபே தோற்கும். ஏலப் பணம் வருவதற்கு முந்தைய நாளாகப் பார்த்துத்தான் அது நடக்கும். தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் நீங்களே ஓடிபி போட்டு ஒப்ப வேண்டும். டாலரில் பில் போடும் வெளிநாட்டு நிறுவனம் என்றால், உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த விதி வந்த புதிதில், அதற்கு ஏற்பாடு செய்துகொள்ளாத எத்தனையோ நிறுவனங்களின் சந்தா இங்கே சத்தமில்லாமல் அறுந்தது. அப்படிப்பட்ட இடத்தில் கையால் கட்டுவதே வழி. கையால் கட்டுவதாக இருந்தால் ஏப்ரல் முதல் வாரத்தில் கட்டுங்கள். புதுக் கணக்கு தொடங்கும் நாட்களில் ஆடிட்டரோடு எப்படியும் பேச்சு இருக்கும். அந்தப் பட்டியலில் இதையும் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

கேள்வி: வண்டன்மேடு பக்கம் எஸ்டேட் இருக்கிறது. மேலே போகும்போது கேரளா சிம், கீழே கம்பத்தில் வேறு சிம். பேக்கப் கணக்கு கேரளா நம்பரில் இருக்கிறது. ஆறேழு மாதமாக அந்த சிம்மைப் போடவே இல்லை. பிரச்சினை வருமா?
– ஒரு விவசாயி, கம்பம்

பதில்: வரும், வந்தே விட்டிருக்கலாம். 90 நாள் பயன்படுத்தாத நம்பரைத் துண்டிக்கலாம். சில காலம் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். போனில் பேக்கப் கணக்கு திறந்திருந்தால், இன்றைக்கே அமைப்புகளுக்குள் போய் மீட்பு நம்பரை மாற்றிவிடுங்கள். கையோடு வீட்டில் ஒருவரின் மெயிலையும் மீட்பு முகவரியாகச் சேருங்கள். மலையேறி இறங்கும் குடும்பங்களில் இரண்டு சிம் சகஜம். எந்த நம்பர் என்றைக்கும் உயிரோடு இருக்குமோ, அதில்தான் பேங்கும் பேக்கப்பும் இருக்க வேண்டும்.

கேள்வி: 'உங்கள் ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது, இன்று இரவுக்குள் பணம் கட்டாவிட்டால் போட்டோக்கள் அழிக்கப்படும்' என்று மெயில் வந்திருக்கிறது. மகள் கல்யாணப் படம் எல்லாம் அதில்தான். கட்டிவிடவா?
– ஒரு வாசகி, உத்தமபாளையம்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. மெயிலில் உள்ள லிங்க்கையும் தொட வேண்டாம். கூகுள் இன்று இரவு என்று கெடு வைப்பதில்லை. அழிப்பதற்கு மூன்று மாதமாவது முன்னால் சொல்லத் தொடங்கும். அவசரப்படுத்துகிற மெயில் என்றாலே திருட்டு மெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இடம் நிஜமாகவே நிரம்பியிருக்கவும் கூடும். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசம் 15 ஜிபிதான். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் ஒவ்வொரு படமும் அந்தக் கணக்கில் ஏறும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் அதே 15 ஜிபிக்குள் வந்துவிட்டது. பலருக்குத் திடீரென்று நிரம்பியதற்கு அதுதான் காரணம். போட்டோஸ் ஆப்பைத் திறந்து மேலே உங்கள் படத்தைத் தொட்டால் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று காட்டும். நிரம்பியிருந்தால் வாட்ஸ்அப் குரூப்களில் வந்த 'காலை வணக்கம்' வீடியோக்களை முதலில் கழியுங்கள். அப்போதும் போதவில்லை என்றால் பணம் கட்டலாம். அந்த ஆப்புக்குள்ளிருந்து மட்டும். நிரம்பிய நிலையில் விட்டால் புதுப் படம் ஏறாது, ஜிமெயிலுக்கு மெயிலும் வராது.

ஒருவேளை அந்த லிங்க்கில் ஏற்கெனவே கார்டு விவரத்தைக் கொடுத்திருந்தால், உடனே 1930-க்குப் போன் செய்துவிட்டு, பேங்கில் சொல்லிக் கார்டை நிறுத்துங்கள்.